பனிமலையும் பனைமலையும்

பள்ளியொன்றின் கலைவிழாவுக்கு நடுவராக வருமாறு அழைத்தார்கள், சென்றேன். திண்டிவனத்துக்குக் கிழக்கே, கடற்காற்று வந்து எட்டிப் பார்க்கும் ஊர். மண்டபத்தின் நான்கு சுவர்களிலும் மாணவர் தீட்டிய இயற்கைக் காட்சிகள் தொங்கின. எண்ணிப் பார்த்தேன்; நாற்பதுக்கு மேல் இருந்தன. நாற்பதும் ஒரே படம்! முக்கோணமாய் இரண்டு மலைகள். இரண்டுக்கும் நடுவே எழும் ஞாயிறு. மலையிடுக்கிலிருந்து நெளிந்து இறங்கும் ஆறு. கரையிலே ஒரு குடில். குடிலுக்குத் துணையாக ஒரு தென்னை. வானத்தில், மூன்று என்னும் எண்ணைப் படுக்கப் போட்டதுபோல நாலைந்து பறவைகள். நீங்களும் நானும் சிறுவயதில் தீட்டியது இதே படந்தானே, தோழர்களே?

அந்த ஊரில் முக்கோண மலை கிடையாது. அங்கே ஞாயிறு மலையிடுக்கில் எழுவதில்லை, கடலிலிருந்து எழுகிறது. மண்டபத்துச் சாளரத்துக்கு வெளியே ஏரி இருந்தது. ஏரிக்கரை நெடுகப் பனை இருந்தது. பனை நிழலில் ஆடு மேய்ப்பவர் இருந்தார். பிள்ளைகளோ சாளரத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கண்டறியாத மலையைக் கண்டவர்போல் வரைந்திருந்தார்கள்.

ஒரே ஒரு படம் மட்டும் வேறாக இருந்தது. தாளின் பெரும்பகுதி வெள்ளை. குறுக்கும் நெடுக்குமாகச் சில பழுப்புக் கோடுகள். ஓரத்தில், நீண்ட கழியொன்றைப் பிடித்துக் குனிந்து நிற்கும் ஒரு பெண். அவள் நிழல் மட்டும் கருநீலம். "முடிக்காத படம்" என்றார் உடனிருந்த நடுவர். "மலையில்லை, மரமில்லை, தாளில் பாதி வெறுமை" என்றார் இன்னொருவர். நானும் தலையசைத்தேன், மதிப்பெண் பட்டியலில் கையெழுத்தும் இட்டேன். மாலையில் திரும்பும்போது பேருந்து மரக்காணத்து உப்பளங்களின் ஓரமாகச் சென்றது. அப்போதுதான் என் பிழை என் முகத்தில் அறைந்தது. அந்த வெள்ளை வெறுமையா? உப்பு! பாத்தி பாத்தியாய், கண்ணைப் பறிக்கும் வெயிலில், விளைந்து கிடக்கும் உப்பு! அதைத் தீட்ட அந்தச் சிறுமி வண்ணம் தேடவில்லை, தாளையே உப்பாக்கியிருந்தாள். பழுப்புக் கோடுகள் வரப்புகள். குனிந்து நின்றவள் அவளைப் பெற்றவளாகவும் இருக்கலாம். பரிசு பெற்றதோ இரண்டு மலையும் ஒரு ஞாயிறும்!

குற்றம் பிள்ளைகளுடையதன்று. அழகு எங்கோ இருக்கிறது, நம்மூரில் இல்லை என்று அவர்களுக்குக் கற்பித்தவர்கள் நாம். விழுப்புரம் சந்திப்பில் இறங்கித் தேநீர்க் கடைக்குள் நுழையுங்கள். சுவரில் நாட்காட்டி தொங்கும், அதில் பனிமலை. முடிதிருத்தகத்தில் கண்ணாடிக்கு மேலே பனிமலை, அடிவாரத்தில் மரவீடு. தங்கும் விடுதியின் கூடத்திலும் அருவியும் தேவதாரு மரமும். சித்திரை வெயிலில் வேர்த்துக் கொட்டுகிறவன் குளிர்ந்த மலையைப் பார்த்துச் சற்று இளைப்பாறட்டுமே என்பீர்கள். பார்க்கட்டும், பகையில்லை. ஆனால் பனிமலையை மட்டுமே பார்த்துப் பழகிய கண், பக்கத்தில் இருக்கும் பனைமலையைப் பார்க்க மறுக்கிறதே, அதற்கு என்ன சொல்வீர்கள்?

பனைமலை கற்பனைப் பெயரன்று. விழுப்புரத்துக்கு வடமேற்கே உள்ள ஊர். ஏரியும், ஏரியை அடுத்து ஒரு குன்றும், குன்றின்மேல் பல்லவன் இராசசிம்மன் எடுத்த கற்கோயிலும் உண்டு. அந்தக் கோயிலின் சிறு அறை ஒன்றின் சுவரில், குடை நிழலில், ஒரு காலை மடித்து ஒயிலாகச் சாய்ந்து நிற்கும் பெண்ணின் ஓவியம் இன்னும் எஞ்சியிருக்கிறது. ஏறத்தாழ 1300 ஆண்டுகளுக்கு முன் தீட்டியது. நிறம் மங்கியும் நளினம் மங்கவில்லை. அதற்கும் நெடுங்காலம் முந்தியவை, திருவண்ணாமலைச் சாலையில் உள்ள கீழ்வாலைப் பாறையிலே செந்நிறக் கோடுகளாய் நிற்கும் மனித உருவங்களும் விலங்குகளும். எழுத்தறியாக் காலத்தவன், தான் கண்டதைத் தன் ஊர்ப் பாறையில், தன் மண்ணில் கிடைத்த நிறத்தால் எழுதினான். அவனுக்கு நாட்காட்டி வழிகாட்டவில்லை. தூரிகை பிடித்தவர்க்குப் பஞ்சமில்லாத இந்த நாட்டிலே, கண்முன் கிடக்கும் நிலத்தை எழுதுவதற்கு மட்டும் ஏன் இத்தனை கூச்சம்?

"நாங்கள் நாட்டுப்புறத்தை எழுதவில்லையா?" என்று ஓவியர் சிலர் கேட்பார்கள். எழுதுகிறார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும். கிணற்றடி. குடம் ஏந்திய குமரி. அவள் சேலையில் ஒரு கசங்கலில்லை, காலில் ஒரு துளிச் சேறில்லை. பின்னே மாட்டுவண்டி, மாடு கொழுத்திருக்கிறது, வண்டிக்காரன் புன்னகை பூக்கிறான். இந்தக் குமரி எந்த ஊர்க் கிணற்றில் நீர் இறைத்தாள்? அந்தக் கிணற்றில் யார் யார் இறைக்கலாம், யார் யார் எட்ட நின்று கையேந்த வேண்டும் என்று ஒரு சட்டம் இருந்ததே, அது படத்தில் எங்கே? ஊர் இருக்கிறது, சேரி எங்கே? பனிமலை வெளியூர்ப் பொய் என்றால் இது உள்ளூர்ப் பொய். முன்னது நம் நிலத்தை மறக்கச் செய்கிறது. பின்னது நம் நிலத்தைப் பார்த்துவிட்டதாக நம்பச் செய்கிறது. இரண்டில் பின்னதே கொடியது என்பேன்.

மெய்யான நிலக்காட்சி எது என்பதற்கு நாம் வெளியே சென்று இலக்கணம் கேட்க வேண்டியதில்லை. தொல்காப்பியம் முதல், கரு, உரி என மூன்றாகப் பகுத்தது. நிலமும் பொழுதும் முதற்பொருள். மரம், புள், விலங்கு, உணவு, தொழில், பறை ஆகியவை கருப்பொருள். மாந்தர் நெஞ்சின் உணர்வு உரிப்பொருள். மூன்றும் கூடினால்தான் திணை. ஓவியனுக்கு இதைவிட நல்ல பாடம் வேறென்ன வேண்டும்? மலையும் ஆறும் மட்டும் எழுதியவன் முதற்பொருளிலும் பாதியில் நின்றுவிட்டவன். ஏனென்றால் பொழுதைக் கூட அவன் எழுதவில்லை. பிரான்சு நாட்டு ஓவியர் மோனே, தம் வீட்டருகே வயலில் நின்ற கதிர்ப்போர்களை 1890, 1891 ஆண்டுகளில் ஏறத்தாழ 25 முறை தீட்டினார். காலைப் போர், அந்திப் போர், பனி படிந்த போர்! போர் ஒன்றே, பொழுதுதான் வேறு. சிறுபொழுது ஆறு, பெரும்பொழுது ஆறு என்று எண்ணிவைத்த மரபினராகிய நாம், எல்லாப் படத்திலும் ஒரே ஞாயிற்றை ஒரே இடுக்கில் செருகிவைத்திருக்கிறோம்.

பயணம் செய்து நிலத்தைக் கண்டு, கண்டதைத் தீட்டும் கலைக்கும் நமக்குச் சான்று உண்டு. அதுவும் எந்த ஊரில்? இதே திண்டிவனத்தில்! ஓய்மாநாட்டை ஆண்ட நல்லியக்கோடனின் நகரம் கிடங்கில். அது இன்றைய திண்டிவனத்தின் பகுதி. அவனிடம் பரிசில் பெற்ற பாணன், வழியில் கண்ட இன்னொரு பாணனுக்கு வழிசொல்வதாக நல்லூர் நத்தத்தனார் பாடியது சிறுபாணாற்றுப்படை. 269 அடிகளே உடைய பாட்டு. அதைப் புலவர்கள் கொடைக்காகப் புகழ்வார்கள். நான் அதை ஓவியர்களின் கையில் கொடுக்க விரும்புகிறேன்.

கடற்கரையில் தொடங்குகிறது வழி. எயிற்பட்டினம், அது இன்றைய மரக்காணப் பகுதி என்பது அறிஞர் கருத்து. தாழையை அன்னத்தின் வெண்மையாகவும், செருந்தியைப் பொன்னாகவும், முண்டகத்தை நீலமணியாகவும், புன்னையை முத்தாகவும் காட்டுகிறார் புலவர். வெள்ளை, பொன், நீலம், முத்து: ஒரு கடற்கரைக்கு நான்கு நிறக் கிண்ணம்! அலை கொண்டுவந்து ஒதுக்கிய மணக்கட்டைகள் மணலிலே உறங்கும் ஒட்டகங்கள்போல் கிடக்கின்றன. அவற்றைப் பரதவர் விறகாக எரிக்கிறார்கள். பிறகு வேலூர், அங்கே எயிற்றியர் சமைத்த புளிச்சோறு. பிறகு ஆமூர், அங்கே வயலும், உழவர் வீட்டு வெண்சோறும், நண்டுக்கறியும். கடல் போய்க் காடு வருகிறது. காடு போய்க் கழனி வருகிறது. நிலம் மாறும்போதெல்லாம் அடுப்பும் மாறுகிறது, உண்பதும் மாறுகிறது. நிலத்தை அதில் உழைப்பவரின் உலைப்பானையோடு சேர்த்து எழுதிய புலவர் அவர்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னே அவர் தீட்டிய காட்சி ஒன்று உண்டு. அதை நினைத்தால் நெஞ்சு கனக்கும். பரிசில் தேடிப் புறப்பட்ட பாணனின் அடுக்களை. கூரை இற்றுக் கிடக்கிறது. கண் திறவாத குட்டிகள் வற்றிய மடியைப் பற்றி இழுக்க, வலி தாளாமல் குரைக்கிறது ஈன்ற நாய். பசியால் மெலிந்த மனைவி குப்பையில் முளைத்த வேளைக் கீரையை நகத்தால் கிள்ளி வந்து வேகவைக்கிறாள், உப்பு இல்லை. பிறர் கண்டால் நாணம் என்று கதவை அடைத்துக்கொண்டு சுற்றத்தோடு உண்கிறாள். எண்ணிப் பாருங்கள்! உப்பு வணிகரின் வண்டி வரிசை இதே பாட்டில், கொற்கையைப் பாடும் இடத்தில் வருகிறது. பாணனின் பயணமோ நெய்தல் நிலத்து வழியே. அவன் வீட்டுக் கீரையில் மட்டும் உப்பில்லை! பொன்னாய்ப் பூக்கும் செருந்தியையும் உப்பில்லாத கீரையையும் ஒரே பாட்டில் வைக்கும் துணிவு நத்தத்தனாருக்கு இருந்தது. பசியை எழுதினால் அழகு கெட்டுவிடும் என்று அவர் அஞ்சவில்லை. அந்த அடுக்களை இருப்பதனால்தான் பின்னே வரும் வெண்சோறு மணக்கிறது. அந்த இருட்டு இருப்பதனால்தான் கடற்கரை ஒளிர்கிறது.

உப்பளப் படத்தை ஒதுக்கிவைத்த நடுவர்களாகிய நாங்கள் அந்தப் பாட்டைப் படித்தவர்கள். தேர்வுக்குப் படித்திருந்தோம், கண்ணுக்குப் படிக்கவில்லை.

அதே பாட்டில் ஒரு மீன்கொத்தி வருகிறது. காஞ்சி மரக்கிளையில் ஏறி, ஆழ்ந்த குளத்தை நோக்கி நெடுநேரம் அமர்ந்திருக்கிறது. பிறகு ஒரே பாய்ச்சல், கயல் அலகில், அதன் உகிர் பட்ட தாமரை இலையில் வடு. ஓவியனுக்கு வேண்டியது அந்த இருப்பு. இன்று செஞ்சிக்குப் போகிறவர்கள் அவ்வளவு நேரம் இருக்கிறார்களா? கைப்பேசியை உயர்த்துகிறார்கள், கோட்டைக்கு முதுகைக் காட்டித் தம் முகத்தைப் படம் எடுக்கிறார்கள், இறங்கிவிடுகிறார்கள். மராட்டியரின் படைத்தளங்கள் என்ற வரிசையில் செஞ்சியையும் சேர்த்து 2025இல் யுனெசுகோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. மகிழ்ச்சி. ஆனால் அந்தக் குன்றுகளை நின்று பார்த்தவர் அறிவார்: இராசகிரியும் கிருட்டிணகிரியும் சந்திரகிரியும் நாட்காட்டியின் முக்கோணங்களல்ல. உருண்டைப் பாறைமேல் உருண்டைப் பாறையாக, எவரோ அள்ளிக் கொட்டியதுபோல் குவிந்தவை. காலை வெயிலில் ஒரு நிறம், மழை நனைத்தபின் வேறு நிறம். செஞ்சிச் சிறுவன்கூட மலை என்றால் முக்கோணம் வரைகிறான் என்றால், தன் கண்ணை நம்பாதே என்று அவனுக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்றுதான் பொருள்.

நெடுஞ்சாலையே ஓவியப் பொருளாகுமா என்று ஐயுறுவோர் சப்பானைப் பார்க்கட்டும். எடோவிலிருந்து கியோட்டோ செல்லும் தொக்கைடோ சாலையின் 53 தங்கல்களை, தொடக்கமும் முடிவும் சேர்த்து 55 மரவெட்டுப் படங்களாக ஹிரோசிகே தந்தார். காலம் 1833, 1834. அந்தப் படங்களில் அரண்மனைச் சிறப்பு தேடினால் கிடைப்பது கொஞ்சமே. சாய்ந்து பெய்யும் மழையில் பல்லக்குத் தூக்கி ஓடுவோர், ஆற்றைக் கடக்கக் காத்திருப்போர், சத்திரத்து வாசலில் வழிப்போக்கரைக் கூவி அழைப்போர். சாலையை அந்தச் சாலையில் நடந்தவர்களைக் கொண்டே எழுதினார். எளிய மக்கள் வாங்கும் விலையில் அவை விற்றன; பின்னாளில் ஐரோப்பிய ஓவியர்களே அவரிடம் பாடம் கேட்டார்கள்.

நமக்கு ஒரு தொக்கைடோ இல்லையா? ஒலக்கூரில் ஏறுங்கள். திண்டிவனம், மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம், விழுப்புரம்: புகைவண்டி ஒவ்வொன்றாய்ச் சொல்லிக்கொண்டு போகும். மயிலத்தில் சமவெளிக்கு நடுவே திடுமென ஒரு குன்று. விக்கிரவாண்டிச் சுங்கச் சாவடியில் வண்டிகளின் நீண்ட வரிசை. அவற்றுக்கிடையே வெள்ளரிப்பிஞ்சும் கடலையும் விற்று ஓடும் கைகள். முண்டியம்பாக்கத்தில் ஆலைக்குக் காத்துக் கிடக்கும் கரும்புச் சுமை. விழுப்புரத்திலோ சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி என ஐந்து திசைக்கும் பிரியும் தண்டவாளம். நள்ளிரவில் அங்கே நடைமேடைக்குச் சென்று பாருங்கள். பிழைப்புத் தேடிப் போகிறவர்கள், போய்த் திரும்புகிறவர்கள், மூட்டையைத் தலைக்கு வைத்து உறங்குகிறவர்கள். பாலைத்திணைக்குப் பிரிவே உரிப்பொருள் என்றார்கள் முன்னோர். நம் காலத்துப் பாலை அந்த நடைமேடையில் படுத்திருக்கிறது, எழுத ஆளில்லை!

கண் இல்லாத நாடு என்று பழிக்க நான் வரவில்லை. சென்னை ஓவியப் பள்ளியில் 1929 முதல் 1957 வரை தலைமையேற்ற தேவிபிரசாத் ராய் சௌத்திரி, கடற்கரையில் பாறையைப் புரட்டும் நான்கு தொழிலாளரை நிறுத்தினார். உழைப்பாளர் சிலை என்று 1959 முதல் நாம் அறிவது அதைத்தான். அவரையடுத்துத் தலைமையேற்ற கே. சி. எஸ். பணிக்கர், இளமையில் நீர்வண்ணத்தில் மலையாள நாட்டுக் கால்வாய்களையும் தென்னைகளையும் ஈரம் உலராமல் தீட்டியவர். 1966இல் சோழமண்டலம் என்னும் ஓவியர் ஊரையே எழுப்பியவர். 1963 முதல் அவர் சொற்களும் குறியீடுகளும் நிறைந்த வேறு ஓவியத்துக்குச் சென்றார். அது அவர் தேடல், அவர் உரிமை. ஆனால் அவரைப் பார்த்துப் பின்வந்தோர் பலர், நிலக்காட்சி என்பது மாணவப் பருவத்துப் படிக்கட்டு, தேர்ந்தபின் உதறிவிட வேண்டியது என்று எண்ணிக்கொண்டார்களே, அங்கேதான் எனக்கு வழக்கு. பணிக்கர் கால்வாயைக் கண்டுவிட்டுக் குறியீட்டுக்குப் போனார். இவர்களோ ஏரியைக் காணாமலே குறியீட்டில் குதித்தார்கள். வேரை அறிந்து கிளைக்குத் தாவுவது வேறு. வேரே இல்லாமல் அந்தரத்தில் தொங்குவது வேறு.

"உழைப்பையும் வியர்வையையும் எழுதினால் யார் வாங்குவார்கள்? வீட்டில் மாட்ட இனிய காட்சி வேண்டாமா?" என்று வணிகம் கேட்கும். இனிமை வேண்டாம் என்று சொல்பவன் நானில்லை. கழுவெளியில் பறவைக் கூட்டம் ஒரே வீச்சில் எழும்போது அதில் இனிமை இல்லையா? தைமாதத்து நெற்கதிரின் பொன்னிறம் இனிமை இல்லையா? அந்தக் கதிரை அறுத்துக் கட்டித் தலையில் சுமந்து வருபவளையும் சேர்த்து எழுதுங்கள் என்றுதான் கேட்கிறேன். அவள் இல்லாமல் அந்தப் பொன் இல்லை. அவளை விட்டு எழுதிய வயல், அவளுக்குக் கூலி கொடுக்காமல் அனுப்பிய வயல்.

இன்னொரு காரணமும் உண்டு. அது காத்திருக்காத காரணம். திண்டிவனம் என்ற பெயரே புளியங்காட்டைக் குறிப்பது. திந்திரிணி என்றால் புளி. நெடுஞ்சாலையின் இருமருங்கும் நிழல் கவித்து நின்ற புளிய மரங்கள், சாலை நான்கு வழியாக விரிந்தபோது வீழ்ந்தன. சாலை வேண்டாம் என்று சொல்லவில்லை. நோயாளியைச் சுமந்து ஓடும் வண்டிக்குச் சாலை வேண்டும். ஆனால் தலைமுறை தலைமுறையாக வழிப்போக்கருக்கு நிழல் தந்த அந்த மரச்சாலையைத் தீட்டிவைத்த ஓவியம் ஒன்றை இந்த இரண்டு ஊர்களின் எந்தப் பொதுச் சுவரிலும் நான் கண்டதில்லை. திருவக்கரையில் இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை எனப்படும் மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. அவற்றைக் காக்க வேலி இட்டிருக்கிறார்கள். அதே வட்டாரத்தில் கல்லுடைக்கும் பொறி பாறையைத் தின்றுகொண்டிருக்கிறது. கல்லான மரத்துக்கு வேலி உண்டு. கல்லாகாத புளிக்கு ஒரு கோட்டோவியம்கூட இல்லை! நாளை ஒரு குன்று மறைந்தால், இங்கே குன்று இருந்தது என்று சான்று சொல்ல எதைக் காட்டுவோம்? நாட்காட்டியின் பனிமலையையா?

செய்ய வேண்டியது பெரிதன்று. ஓவிய வகுப்பு நடக்கும்போது பள்ளிக் கதவைத் திறந்துவிடுங்கள். பிள்ளைகளை ஏரிக்கரைக்கும் சந்தைக்கும் உப்பளத்துக்கும் களத்துமேட்டுக்கும் அழைத்துச் செல்லுங்கள். "மலை வரை" என்று சொல்லாதீர்கள், "இன்று வரும் வழியில் என்ன கண்டாய்?" என்று கேளுங்கள். விழுப்புரம் நிலையத்தின் சுவர்களை அந்த வட்டாரத்து ஓவியர்களிடம் கொடுங்கள். ஊராட்சி மன்றத்திலும் நூலகத்திலும் அந்தந்த ஊரின் நிலக்காட்சி ஒன்று தொங்கட்டும். ஊரும் சேரியும் ஒரே சட்டத்துக்குள் இருக்கட்டும். ஓவியர்களே, ஒரு கிழமை உங்கள் அறையைப் பூட்டிவிட்டு, முன்பதிவில்லாப் பெட்டியில் சாளரத்தோரம் இடம்பிடித்துப் பயணம் செய்யுங்கள். கண்ட இடத்தில் இறங்குங்கள். மீன்கொத்தி போல் இருங்கள்.

அந்தச் சிறுமியிடம் நான் பட்ட கடன் தீரவில்லை. அடுத்த ஆண்டும் நடுவராக அழைத்தால் செல்வேன். அவள் படம் வந்திருக்கிறதா என்று முதலில் தேடுவேன். வராமலும் இருக்கலாம். பரிசு எதற்கு விழுகிறது என்பதைக் கண்டுகொண்டு, அவளும் இரண்டு முக்கோணம் வரையப் பழகியிருக்கலாம். அப்படி நேர்ந்திருந்தால் அந்த வெள்ளைத் தாளில் ஓர் உப்பளம் அழிந்தது. அழித்த கைகளில் ஒன்று என்னுடையது. இன்னொரு பிள்ளைக்கு அது நேராமல் பார்த்துக்கொள்வது நம் எல்லோருடைய வேலை.